"ரிசைன்" வேறு, "ரிட்ரெஞ்ச்" வேறு

(ஞாயிறு காலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அதையும் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்பட வேண்டாம், இது இலக்கணப் பாடம் இல்லை. பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருக்கிற சொற்கள், ஆனால் ஒன்று உங்கள் வீட்டுக்குப் பணம் கொண்டு வரும், மற்றொன்று வருகிற பணத்தையும் தடுத்துவிடும். அப்படிப்பட்ட சொற்கள்.

கொஞ்ச காலத்துக்கு முன்பு ஓர் அம்மா பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்களோடு எங்களைத் தேடி வந்தார். ஒரே தொழிற்சாலையில் 20 வருட வேலை. "ஐயா, கம்பெனியில வேலை போச்சு. பணம் குடுப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குக் கடைசி மாசச் சம்பளம் மட்டும்தான் குடுத்தாங்க. ஏன்?" என்று கேட்டார். பையைப் பிரித்துப் பார்த்தோம். சம்பளச் சீட்டு, மருத்துவச் சீட்டு, பிள்ளையின் பள்ளி ரசீதுகூட இருந்தது. அடியில் ஒரே ஒரு தாள். ஆங்கிலத்தில் நான்கு வரி. கீழே அந்த அம்மாவின் கையெழுத்து. இரண்டாவது வரியில் "ரிசைன்" என்ற சொல்.

"நான் எங்கய்யா ரிசைன் பண்ணேன்? அவங்கதான் ஆர்டர் இல்லை, லைன் மூடுறோம்னாங்க. கடைசிச் சம்பளம் எடுக்கணும்னா இதுல சைன் வைன்னாங்க, வச்சேன்" என்றார்.

அந்தச் சொல்லின் விலை என்ன தெரியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தீபகற்ப மலேசியாவில், வேலையிலிருந்து நிறுத்தப்படும் தொழிலாளிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டு விதிமுறை ஒன்று இருக்கிறது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாதவர்களுக்கு அது பொருந்தும். நம்மவர்களில் பெரும்பாலோர் அதற்குள் அடக்கம். குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். 2 வருடத்துக்கும் குறைந்த சேவை என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 வருடத்துக்குள் என்றால் வருடத்துக்கு 15 நாள். 5 வருடமும் அதற்கு மேலும் என்றால் வருடத்துக்கு 20 நாள். வேலை முடிந்த 7 நாளுக்குள் இந்தப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு நாள் சம்பளம் 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வருட சேவைக்கு 400 நாள் சம்பளம். 24,000 ரிங்கிட்! இது போக, 5 வருடத்துக்கு மேல் சேவை செய்தவருக்கு 8 வார நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஈடான சம்பளம். ஒப்பந்தத்தில் அதைவிடக் கூடுதலாக எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

ஆனால் அதே விதிமுறையில் மூன்று பேருக்கு இந்தப் பணம் கிடையாது. வயதாகி ஓய்வு பெறுபவர், விசாரணைக்குப் பிறகு ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர், தானாக விரும்பி வேலையை விட்டவர். அந்த அம்மா கையெழுத்துப் போட்ட தாள் அவரை மூன்றாவது வரிசையில் நிறுத்திவிட்டது. 20 வருட உழைப்பு, ஒரு சொல்லில் பூஜ்யம்!

இதில் நம் தவறும் கொஞ்சம் இருக்கிறது, சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாம் எல்லாவற்றுக்கும் "வேலை போச்சு" என்போம். தானாக விட்டாலும் வேலை போச்சு, ஆலை மூடினாலும் வேலை போச்சு, மேனேஜரோடு சண்டை போட்டு வெளியேற்றினாலும் வேலை போச்சு. மழை வந்து வெள்ளம் போன மாதிரி, யாரும் செய்யாமல் தானாகப் போனது போலச் சொல்கிறோம். சட்டம் அப்படிக் கேட்பதில்லை. யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று கேட்கிறது. நம் தமிழிலேயே "நின்றேன்" என்பதும் "நிறுத்தினார்கள்" என்பதும் ஒன்றா? இல்லையே! பிறகு ஏன் ஆங்கிலத்தில் வந்தால் மட்டும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறோம்?

சரி, நான்கு சொற்களையும் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

"ரிசைன்" என்றால் நானாக விலகுகிறேன். மலாயில் லெத்தாக் ஜவாத்தான். பதவியை நானே இறக்கி வைக்கிறேன் என்று பொருள். செய்தவர் நீங்கள்.

"ரிட்ரெஞ்ச்" என்றால் ஆட்குறைப்பு. வேலை குறைந்துவிட்டது, ஆள் மிச்சம். செய்தவர் முதலாளி, காரணமும் அவர் பக்கம். உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

"டிஸ்மிஸ்" என்றால் தவறு செய்தார் என்று சொல்லி நீக்குவது. மலாயில் புவாங் கெர்ஜா. இதற்கு முன் விசாரணை வேண்டும். அந்த விசாரணை நடக்கும்போது "சஸ்பென்ட்" செய்யலாம், ஆனால் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி 2 வாரத்துக்கு மேல் கூடாது, அந்த நாள்களில் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தால் பிடித்த மீதியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். சஸ்பென்ட் என்றவுடன் வேலை போய்விட்டதென்று நினைத்து வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விசாரணைக்கு அவர்கள் வரவில்லை. வராதவர் மேல் எதை வேண்டுமானாலும் எழுதலாமே!

"டெர்மினேட்" என்பது பொதுச் சொல். வேலை ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். ஏன் முடிந்தது என்று அந்தச் சொல் சொல்லாது. கடிதத்தில் இந்தச் சொல் மட்டும் இருந்து காரணம் இல்லையென்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இங்கே இன்னொரு சோடியையும் சொல்லிவிடுகிறேன். "ஷோ காஸ்" கடிதமும் "வார்னிங்" கடிதமும் ஒன்றல்ல. வார்னிங் என்பது எச்சரிக்கை, முடிவாகிப்போன விஷயம். ஷோ காஸ் என்பது கேள்வி. "இப்படி நடந்ததாமே, உன் பதில் என்ன?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல நாள் கொடுத்திருப்பார்கள். நம் தம்பிகள் அதைத் தண்டனை என்று நினைத்து, கோபத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பதில் வரவில்லை என்பதே பிறகு அவர்களுக்கு எதிராக நிற்கிறது. தமிழில் எழுதிக் கொண்டு வாருங்கள், மலாயில் மாற்றித் தருகிறோம்.

முதலாளிக்கு ஏன் "ரிசைன்" இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்தீர்களா? பணம் மட்டும் காரணமில்லை. ஆட்குறைப்பு செய்வதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்குப் பாரம் நிரப்பி அறிவிக்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை முதலில் நிறுத்திவிட்டுத்தான் உள்நாட்டுத் தொழிலாளி மேல் கை வைக்க வேண்டும், இதுவும் வேலைவாய்ப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நீங்களே "விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் அவருக்கு இல்லை. எல்லா முதலாளியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்து, கை குலுக்கி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.

சம்பளச் சீட்டில் இ.ஐ.எஸ். என்று மாதாமாதம் சில்லறையாகப் பிடிக்கிறார்களே, அது சொக்சோ நடத்துகிற வேலைவாய்ப்புக் காப்புறுதி. 2018 ஜனவரியில் பிடிக்கத் தொடங்கினார்கள். வேலை இழந்தவர் புது வேலை தேடும் காலத்தில் சில மாதங்களுக்கு அதிலிருந்து உதவித்தொகை வரும். ஆட்குறைப்பில் போனவருக்கு உண்டு, வி.எஸ்.எஸ். எடுத்துப் போனவருக்கும் உண்டு. விருப்பப்பட்டு ரிசைன் செய்தவருக்கு இல்லை. ஆக, அந்தச் சொல் இங்கேயும் வந்து கதவை அடைக்கிறது. வேலை போன 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும்.

60 நாள் என்ற எண்ணை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது இன்னோர் இடத்திலும் வருகிறது. நியாயமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று வழக்காட வேண்டுமானால் 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். தீபாவளி விடுமுறை, சனி, ஞாயிறு எல்லாம் அந்த 60-க்குள் அடங்கும். மிரட்டி வாங்கிய ரிசைன் கடிதத்தையும் தொழிலியல் நீதிமன்றம் பணிநீக்கமாக ஏற்கலாம், ஆனால் மிரட்டினார்கள் என்பதை நீங்கள் காட்ட வேண்டும்.

அந்த அம்மா எங்களிடம் வந்தது 71-ஆவது நாள்.

அந்தக் கதவு சாத்திவிட்டது. ஆனால் சேவைக்கான பணத்தைத் தொழிலாளர் இலாகாவில் கேட்கும் வழி இன்னொன்று. அது அந்த 60 நாளோடு முடிவதில்லை. அவரோடு அதே லைனில் வேலை செய்தவர்களைத் தேடிப் போனோம். மூன்று பேரிடம் அதே தாள் இருந்தது. அதே நான்கு வரி, அதே எழுத்து, அதே தேதி. ஒரே நாளில் ஒரே வாசகத்தில் நான்கு பேருக்கு வேலையை விட ஆசை வருமா? அந்தத் தாள்களைத்தான் இலாகாவில் கொடுத்திருக்கிறோம். விசாரணை இன்னும் முடியவில்லை. முடிந்ததும் சொல்கிறேன்.

ஓய்வு பற்றி ஒரு சின்ன விஷயம். 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். அதனால் 55-தான் ஓய்வு வயது என்று பலர் நினைத்து, ஆபீசில் நீட்டுகிற கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. 2013 ஜூலை முதல் தேதியிலிருந்து அதுதான் சட்டம். சேமநிதியை எடுப்பது வேறு, வேலையிலிருந்து ஓய்வு பெறுவது வேறு.

அடுத்து ஒரு சோடி. இது சின்னஞ்சிறு சொற்களில் இருக்கிறது. "கான்ட்ராக்ட் ஆஃப் சர்வீஸ்", "கான்ட்ராக்ட் ஃபார் சர்வீசஸ்." ஆஃப் என்றால் நீங்கள் தொழிலாளி. சேமநிதி, சொக்சோ, மருத்துவ விடுப்பு எல்லாம் உண்டு. ஃபார் என்றால் நீங்கள் தனிக் குத்தகைக்காரர், உங்களுக்கு நீங்களே முதலாளி! பாதுகாவலர் வேலை, லாரி, துப்புரவு, பொருள் பட்டுவாடா என்று நம் பிள்ளைகள் அதிகம் இருக்கிற இடங்களில்தான் இந்த ஃபார் அதிகம் நடமாடுகிறது. முதலாளி சொன்ன நேரத்துக்கு வருகிறான், முதலாளி சட்டையைப் போடுகிறான், முதலாளி வண்டியை ஓட்டுகிறான், காலுடைந்தால் மட்டும் "நீ தொழிலாளி இல்லை" என்கிறார்கள்.

2023 ஜனவரி முதல் தேதி இதில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. வேலைவாய்ப்புச் சட்டத்தில் 101சி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை நேரத்தையும் செய்யும் முறையையும் யார் கட்டுப்படுத்துகிறார், கருவிகளை யார் கொடுக்கிறார் என்பது போன்றவற்றைப் பார்த்து, மாற்றி நிரூபிக்கும் வரை அவரைத் தொழிலாளியாகவே கொள்ள வேண்டும் என்கிறது அது. "எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்பதைக் கவனியுங்கள். எழுத்தில் "ஃபார்" என்று போட்டு நீங்கள் கையெழுத்தும் வைத்துவிட்டால், அதை உடைப்பது கூடுதல் பாடு.

இப்போது தோட்டத்து ஆட்கள் நன்றாகக் கேட்க வேண்டிய சோடி. "காம்பன்சேஷன்", "எக்ஸ் கிரேஷியா." மலாயில் சொன்னால் உடனே புரியும். பம்பாசான், சாகுஹாத்தி. தோட்டம் மேம்பாட்டுக்குப் போகும்போது எத்தனை முறை இந்தச் சாகுஹாத்தியைக் கேட்டிருக்கிறோம்! காம்பன்சேஷன் என்றால் இழப்பீடு. உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காகக் கொடுக்கிறேன் என்று பொருள். எக்ஸ் கிரேஷியா என்பது லத்தீன். எனக்குக் கொடுக்க வேண்டிய கடமை ஒன்றுமில்லை, மனம் இரங்கித் தருகிறேன் என்று பொருள். தொகை ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் அந்தத் தாளில் நீங்கள் யார் என்பது மாறிவிடுகிறது. உரிமைக்காரனா, கை நீட்டுபவனா?

இதைக் கௌரவப் பிரச்சினை என்று மட்டும் நினைக்காதீர்கள். தோட்டம் மூடும்போது, நான் முன்பு சொன்ன 1980 விதிமுறைப் பணம் சட்டப்படி வந்தே ஆக வேண்டியது. சாகுஹாத்தி அதற்கு மேல் வருவது. சில இடங்களில் இரண்டையும் ஒரே தொகையாகச் சேர்த்து, மேலே சாகுஹாத்தி என்று தலைப்புப் போட்டு, கீழே "முழுமையான, இறுதியான தீர்வு" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வைத்துவிடுகிறார்கள். கூட்டத்தில் மாலை போட்டு, காசோலை கொடுத்து, படம் எடுத்து, பத்திரிகையிலும் போட்டுவிடுவார்கள். அந்தக் கடைசி வரியை யார் படித்தார்கள்?

கையெழுத்துப் போடும் இடத்தில் இரண்டு சொற்களைத் தேடுங்கள். "ரிசீவ்ட்" என்று இருந்தால் பெற்றுக்கொண்டேன். "அக்ரீட்" என்றோ "அக்செப்ட்டட்" என்றோ இருந்தால் ஒப்புக்கொண்டேன். பெற்றுக்கொள்வதில் தயக்கம் வேண்டாம், கடிதம் கைக்கு வந்தது உண்மைதானே. ஒப்புக்கொள்வதற்கு முன் வீட்டுக்குக் கொண்டு போங்கள், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால், அதிலேயே ஏதோ இருக்கிறது.

வீடு, கோயில் பற்றியும் ஒரு வார்த்தை. "லைசன்ஸ்" என்பதும் "டைட்டில்" என்பதும். டைட்டில் என்றால் கெரான், நிலம் உங்கள் பெயரில். டி.ஓ.எல். என்பது தற்காலிகமாக இருந்துகொள்ள அனுமதி, லைசன்ஸ். அது அந்த வருடக் கடைசியோடு முடியும், புதுப்பிக்க வேண்டும், விற்க முடியாது, வைத்திருப்பவர் இறந்தால் பிள்ளைக்குத் தானாக வராது. அப்பா 30 வருடம் பணம் கட்டினார், ரசீது இருக்கிறது என்பார்கள். கட்டினார், உண்மை. அனுமதிக்குக் கட்டினார், நிலத்துக்குக் கட்டவில்லை. புறம்போக்குவாசிகள் என்று நம்மை முத்திரை குத்தும்போது, அந்த ரசீதில் எந்தச் சொல் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் கோயில் நிர்வாகத்தினரையும் இதைக் கேளுங்கள்.

கடனுக்குப் போகலாம். "விட்னெஸ்" வேறு, "கேரன்டர்" வேறு. மச்சான் கார் எடுக்கிறார், "சும்மா சாட்சிக் கையெழுத்துதான்" என்கிறார். சாட்சி என்றால் நான் பார்த்தேன், அவ்வளவுதான். கேரன்டர் என்றால் பெஞ்சாமின், அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்ற வாக்கு. கல்விக் கடன், சொந்த உபயோகத்துக்கான வாகனக் கடன், சொந்த வீட்டுக் கடன் ஆகியவற்றுக்கு இலாபம் எதிர்பார்க்காமல் பெஞ்சாமின் போட்டவரைத் திவாலாக்க முடியாது என்று 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அது நல்லதுதான். ஆனால் திவால் இல்லை என்பதால் கடனும் இல்லை என்று ஆகாது. வங்கி உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் வழக்கில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் இங்கே இருக்கலாம், யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் "டிஸ்சார்ஜ்" என்று சொல்வதும் "அக்விட்" என்று சொல்வதும் ஒன்றல்ல. மலாயில் லெப்பாஸ், பேபாஸ். டி.என்.ஏ.ஏ. என்று பத்திரிகையில் வருகிறதே, அதில் லெப்பாஸ் உண்டு, பேபாஸ் இல்லை. விடுவித்திருக்கிறார்கள், குற்றமற்றவர் என்று விடுதலை செய்யவில்லை. அதே குற்றச்சாட்டை மறுபடியும் கொண்டு வரலாம். நாமோ இரண்டையும் விடுதலை என்று சொல்லி, பாயசம் வைத்து, வழக்குக் காகிதங்களை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறோம். பாயசம் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள், வக்கீல் தொலைபேசி எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கடிதம் வந்தாலும், கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துப் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, கல்யாணச் சாப்பாட்டைப் படம் எடுக்கிறோம், கையெழுத்துப் போட்ட தாளை எடுப்பதில்லை.

பேசியது போதும். காகிதங்கள் கொண்டு வரச் சொல்லியிருந்தோம், பலர் கொண்டு வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் நீலச் சேலை கட்டிய அம்மா, நீங்கள் முதலில் வாங்க. தம்பி, அந்த மேசையைக் கொஞ்சம் இப்படி இழுத்துப் போடுப்பா.